சின்ன ரிப்பேர், பெரிய ரிப்பேர்

எங்கள் வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. சின்ன ரிப்பேர்கள் குடியிருப்பவர் பொறுப்பு, பெரிய ரிப்பேர்கள் வீட்டு உரிமையாளர் பொறுப்பு. பெங்களூரில் எந்த முத்திரைத்தாள் கடையில் போய் உட்கார்ந்தாலும் இதே வரியைத்தான் தட்டித் தருவார்கள். எது சின்னது, எது பெரியது என்று யாரும் எழுதுவதில்லை. கையெழுத்துப் போடுகிற அன்றைக்கு யாரும் கேட்பதும் இல்லை. வீடு கிடைத்ததே பெரிது என்று, காட்டிய இடத்திலெல்லாம் போட்டுவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுவோம்.

வீடு ஈஜிபுராவில், ஒரு குறுகலான கட்டடத்தின் உச்சி மாடியில் இருந்தது. தரைத்தளத்தில் ஓனர். நடுவில் யாராவது பையன்கள் சேர்ந்து வாடகைக்கு இருப்பார்கள்; முகம் பழகுவதற்குள் காலி செய்துவிடுவார்கள். மேலே நாங்கள் நான்கு பேர்: நான், என் கணவர், மூன்று வயது மகள், மாமனார். இரண்டு படுக்கையறைகளில் சின்னது மாமனாருக்கு. அந்த அறைக்கு நேர் மேலே, மொட்டை மாடியில், தண்ணீர் டேங்க் உட்கார்ந்திருந்தது.

நான் திண்டிவனத்திலிருந்து வேலைக்காக இங்கே வந்தவள். என் கணவர் கோலார் தங்கவயல்காரர். மாமனார் அங்கே சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தவர். சுரங்கத்தை மூடிய பிறகும் கம்பெனி கொடுத்த லைன் வீட்டிலேயே கிடந்தார். மாமியார் போன பிறகு என் கணவர் பிடிவாதமாக இங்கே கூட்டிவந்தார். வாடகை வீடு என்றால் என்னவென்றே அவருக்கு அதுவரை தெரியாது. வாழ்நாள் முழுக்கக் கம்பெனி வீடு. கூரை ஓடு மாற்றுவதும் சுண்ணாம்பு அடிப்பதும் கம்பெனி ஆள். கம்பெனி போன பிறகு எல்லாம் அவரே. யாரிடமும் போய்க் கேட்டு நிற்கிற பழக்கம் அவருக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

என் கதை வேறு. நான் கேஸை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வந்து பார்க்கிற ரகம். போதாததற்கு என் வேலை அப்படி. வெளிநாட்டில் வீடுகளுக்கு இன்ஷூரன்ஸ் எடுத்தவர்கள், ஏதாவது சேதமானால் படம் எடுத்து அனுப்புவார்கள். அதைப் பார்த்து வகை பிரிப்பது என் வேலை. நாள் முழுக்க இடிந்த கூரை, ஊறிய சுவர், உப்பிய தரை. அதில் ஒரு விதி உண்டு: திடீரென்று விழுந்தால் பணம் கிடைக்கும், கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டு விழுந்தால் கிடைக்காது. கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும்போது நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்பார்கள். வாரத்தில் பாதி நாள் அந்த வேலையை வீட்டில் உட்கார்ந்தே செய்தேன். மடிக்கணினியை மூடிவிட்டு நிமிர்ந்தால் எங்கள் வீட்டுக் கூரை தெரியும்.

முதல் வருடம் எல்லாம் சின்ன ரிப்பேர்தான். குழாய் வாஷர், சமையலறைத் தொட்டி அடைப்பு, பால்கனிக் கதவின் கொண்டி. எல்லாம் நாங்களே பார்த்துக்கொண்டோம். மோட்டார் எரிந்தபோது ஓனர் பார்த்துக்கொண்டார். கழிப்பறை ஃப்ளஷ் மட்டும் கொஞ்ச நாள் இழுபறியாக இருந்தது. அது சின்னதா பெரியதா என்பதில் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. கடைசியில் அவர் பாதி, நாங்கள் பாதி என்று முடிந்தது. ஓனர் மோசமான மனிதர் இல்லை. தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். மாலையானால் மாமனார் கீழே இறங்கிப் போவார். இரண்டு பேரும் கேட்டுப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து டீ குடிப்பார்கள். பெரிதாகப் பேசியே நான் பார்த்ததில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இரண்டாவது மழைக்காலத்தில் மாமனார் அறைக் கூரையில் ஈரம் படர்ந்தது. முதலில் டீ கொட்டியது மாதிரி ஒரு கறை. பிறகு கறைக்கு நடுவே ஒரு கோடு. ஒரு நாள் காலையில் பார்த்தபோது கோடு சுவர் வரைக்கும் போயிருந்தது.  உடனே படம் எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

மாமனார் நாற்காலியில் ஏறி நின்று அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். இறங்கி வந்து கொஞ்சம் மைதாவைக் கரைத்துப் பசை காய்ச்சச் சொன்னார். பழைய செய்தித்தாளில் ஒரு பட்டை கிழித்து, விரிசலுக்குக் குறுக்கே இழுத்து ஒட்டினார். தங்கவயலில் அப்படித்தான் செய்வார்களாம். அடியில் பாறை வெடித்து நகரும்போது மேலே வீடுகள் குலுங்கும். ஏர் பிளாஸ்ட் என்பார்கள். குலுங்கி முடித்ததும் அவரவர் வீட்டுச் சுவரைப் பார்த்து, விரிசல் விட்ட இடத்தில் காகிதம் ஒட்டிவைப்பார்கள். விரிசல் வளர்ந்தால் காகிதம் கிழியும். கிழியாவிட்டால் படுத்துத் தூங்கலாம்.

"பேப்பர் கிழிஞ்சாத்தான் பயப்படணும்மா," என்றார். "நாங்க இருந்த லைன்ல வெடிப்பு உடாத செவுரே கெடையாது. அதுக்குன்னு எல்லாரும் ஓடியா பூட்டோம்?"

என் கணவரும் அதே ஊர்க்காரர்தானே. படுத்தபடி அண்ணாந்து பார்த்துவிட்டு, அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும் என்று புரண்டு படுத்துக்கொண்டார். மருத்துவமனை ஒன்றில் பில்லிங் பிரிவில் ஷிஃப்ட் வேலை அவருக்கு. தூக்கம்தான் அவருடைய பெரிய கவலை. விரிசலோடு பிறந்து வளர்ந்தவர்களுக்கு நடுவில் நான் ஒருத்திதான் பயந்துகொண்டிருந்தேன். எரிச்சலாகவும் இருந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

ஓனரிடம் நேரில் பேசலாம் என்று ஒரு நாள் கிளம்பினேன். மாமனார் தடுத்தார். நீ எதுக்கும்மா, நான்தான் தினம் அவரைப் பாக்கறேனே, நான் சொல்றேன் என்று இறங்கிப் போனார். திரும்பி வந்து, பாக்கறேன்னாரு என்றார். மறுபடி சில நாள் கழித்துக் கேட்டேன். மழை நிக்கட்டும்னாரு என்றார். மழை நின்றது. மேஸ்திரி ஊருக்குப் போயிருக்காராம் என்றார். எனக்கு ஓனர் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் போய்ச் சண்டை போடவும் பயம். சண்டை போட்டால் காலி பண்ணு என்று சொல்லிவிடுவார். இந்த வாடகைக்கு இந்தப் பக்கத்தில் இன்னொரு இரண்டு படுக்கையறை வீடு கிடையாது. மகளின் பிளே ஸ்கூல் இரண்டு தெரு தள்ளி. என் கணவருக்கு மருத்துவமனை ஒரே பஸ்.

அப்போதுதான் ஒன்று புரிந்தது. கூரை விரிசல் பெரிய ரிப்பேர் என்று ஒப்புக்கொண்டால் ஓனர் செலவு செய்ய வேண்டும், அதனால் அவருக்கு அது சின்னதாகவே இருக்க வேண்டும். பெரிய ரிப்பேர் என்றால் நாங்கள் வீட்டைக் காலி செய்துகொடுக்க வேண்டும், வேலை முடிந்த பிறகு அவர் புது வாடகை சொல்லி வேறு ஆளை வைப்பார். ஆக எங்களுக்கும் அது சின்னதாகவே இருந்தால்தான் நல்லது. யாருக்குமே அது பெரியதாக இருக்க வேண்டியதில்லை. கூரையைத் தவிர.

அதற்குப் பிறகு என் காதுதான் எனக்கு எதிரி ஆனது. காலையில் கீழே மோட்டார் போட்டதும் குழாயில் தண்ணீர் ஏறுகிற சத்தம் கேட்கும். டேங்க் நிரம்ப நிரம்ப மேலே எவ்வளவு கனம் ஏறுகிறது என்று மனசு கணக்குப் போடும். கோடை வந்தது. சம்ப்பில் தண்ணீர் வற்றி, டேங்கர் லாரி வரத் தொடங்கியது. தண்ணீர் இல்லையே என்று தெருவே புலம்பிக்கொண்டிருக்க, நான் மட்டும் டேங்க் காலியாக இருக்கிற பொழுதுகளில் நிம்மதியாக மூச்சு விட்டேன். இதை வெளியே சொல்ல முடியுமா? டேங்கர் வந்து நின்றால் மற்றவர்கள் குடத்தை எடுப்பார்கள். நான் மாமனார் அறைக்கு ஓடி அண்ணாந்து பார்ப்பேன். காகிதம் கிழியாமல் இருக்கும். வெள்ளையாக, விறைப்பாக ஒட்டியிருக்கும்.

வேலையில் வரும் படங்களைப் பெரிதாக்கிப் பார்ப்பது ஒரு வியாதி ஆகிவிட்டது. எந்த ஊரோ, யார் வீடோ, கட்டில் மேல் கூரை விழுந்து கிடக்கும். விழுவதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று பழைய படம் கேட்போம். அதில் ஒரு கறை இருக்கும். கறையில் ஒரு கோடு இருக்கும். நான் எழுந்து போய் மறுபடி பார்த்துவிட்டு வருவேன். ஒரு மாதிரி சிரிப்பார் மாமனார். "இன்னாம்மா, பேப்பரு அப்பிடியே கீதா?" என்பார். இருக்கிறது என்று தலையாட்டிவிட்டு வருவேன்.

மதியத்தில் மகள் அவரோடுதான் தூங்குவாள். அவர் கட்டிலில், சுவரோரம். அதுதான் என்னை அரித்தது. பெரியவர்கள் துணிந்து படுத்துக்கொள்ளட்டும், குழந்தைக்கு என்ன தெரியும்? எப்படிச் சொல்வது என்று நான் தயங்கிக்கொண்டிருந்தபோது அவரே ஏற்பாட்டை மாற்றினார். உள்ளே ஒரே புழுக்கம், பாப்பாவுக்கு வேர்க்குரு வந்துடும் என்று ஹாலில் பாய் விரித்து அவளைப் படுக்கவைத்தார். அவள் தூங்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டு, எழுந்து தன் அறைக்குப் போய்ப் படுத்துக்கொள்வார். எனக்குப் பாதி பாரம் இறங்கியது. நீங்களும் ஹாலிலேயே படுங்களேன் மாமா என்று சொல்லிப் பார்த்தேன். தன் கட்டில்தான் தனக்குச் சரி என்றார்.

விரிசல் தெரிந்த புதிதில், நான் ஓனரிடம் பேசக் கிளம்புவதற்கு முன்பே, என் நச்சரிப்பு தாங்காமல் என் கணவர் ஒரு புரோக்கரிடம் பேசியிருந்தார். பொம்மனஹள்ளியில் ஏதோ வீடு இருக்கிறதாம். மொட்டை மாடியில் நின்று நெடுநேரம் பேசிவிட்டு இறங்கி வந்து, ஒன்றும் சரியாக வரவில்லை என்றார். அந்தப் பேச்சு அதோடு நின்றது.

அடுத்த மழைக்காலம் தொடங்கிய வாரம். காலையில் மகளை ஸ்கூலில் விட்டுவிட்டு வந்து மடிக்கணினியைத் திறந்திருந்தேன். கணவர் காலை ஷிஃப்ட். மாமனார் கீரை வாங்கப் போயிருந்தார். பக்கத்து அறையில் யாரோ மூட்டையைக் கீழே போட்ட மாதிரி ஒரு சத்தம். ஒரே ஒரு சத்தம்தான்.  மாமனார் வெளியே போனதை என் கண்ணால் பார்த்திருந்தேன். கதவைச் சாத்தியதே நான்தான். ஆனாலும் மாமா என்று கூப்பிட்டுக்கொண்டேதான் கதவைத் திறந்தேன்.

கட்டிலின் தலைமாட்டில் சிமென்ட் பூச்சு பாளம் பாளமாகக் கிடந்தது. தலையணை நடுவில் குழிந்து, அந்தக் குழியில் ஒரு பெரிய துண்டு. அறையெல்லாம் தூசி. மேலே துருப்பிடித்த கம்பிகள் தெரிந்தன. கம்பி நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

படியில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. ஓனர் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் திறந்ததும் வாயில் வந்ததெல்லாம் கொட்டிவிட்டேன். ஒரு வருஷமாகச் சொல்கிறோம், படம் அனுப்பினேன், பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தீர்கள், பெரியவர் தலை அங்கேதான் இருந்திருக்கும் என்று. அவர் செருப்புக்கூடப் போடாமல் என் பின்னாலேயே ஏறி வந்தார். அறையைப் பார்த்தார். பார்த்ததும் அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"நோடும்மா," என்றார், பாதி கன்னடமும் பாதி தமிழுமாக. "நான் கேக்கவேயில்லன்னு நீங்க நெனச்சிருக்கீங்க. எத்தனை தபா கேட்டேன் தெரியுமா? மேஸ்திரிய கூட்டிட்டு வரட்டா சார்னு. உங்க மாமாதான் பேடா பேடா, வேணாம்னாரு. பழைய வெடிப்பு, பேப்பர் கிழியல, அந்தப் பொண்ணு சும்மா பயந்துக்குது, நீங்க ஒண்ணும் கண்டுக்காதீங்கன்னாரு."

எனக்கு நம்ப முடியவில்லை. மாமனார் என்னிடம் சொன்னதெல்லாம் என்ன? மழை நிற்கட்டும், மேஸ்திரி ஊருக்குப் போயிருக்கிறார் என்றெல்லாம் சொன்னது? ஓனருக்கும் அதைக் கேட்டு வியப்பு. தான் அப்படியெல்லாம் சொல்லவே இல்லை என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு இன்னொன்றும் சொன்னார்.

"அவரு வேணாம்னதும் எனக்கும் நிம்மதி ஆச்சும்மா. அதையும் சொல்லிடணும் அல்லவா. நானே ஏறி வந்து ஒரு தபா பாத்திருக்கலாம்."

அந்த நேர்மை அந்த நேரத்தில் எனக்குப் பிடிக்கவில்லை. திட்டுவதற்கு ஆள் இல்லாமல் போய்விட்டது. குனிந்து தலையணை மேல் கிடந்த துண்டை எடுத்தேன். மாமனாரின் காகிதம் அதில் ஒட்டியிருந்தது. ஓரம் நனைந்து உரிந்திருந்ததால் அடியில் இன்னொரு காகிதம் தெரிந்தது. அது குறுக்கே கிழிந்திருந்தது. அதன் அடியில் இன்னொன்று; அதுவும் கிழிந்திருந்தது. கிழியக் கிழிய மேலேயே ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறார். நான் ஓடி ஓடிப் போய்ப் பார்த்து நிம்மதியடைந்ததெல்லாம் எப்போதும் புதுக் காகிதத்தைத்தான்.

கீரைக் கட்டோடு மாமனார் வந்து நின்றார். கட்டிலைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், என் கையில் இருந்ததைப் பார்த்தார். ஓனர் எழுந்து, டேங்கை முதலில் காலி செய்கிறேன் என்று மேலே போய்விட்டார். இவர் கீரையை எங்கே வைப்பது என்று தெரியாதவர் மாதிரி நின்றார்.

நான் கேட்டேன். கத்தவில்லை, கத்துகிற தெம்பு கீழேயே தீர்ந்துவிட்டிருந்தது. ஏன் மாமா? எதற்கு ஓனரிடம் ஒன்று, எங்களிடம் ஒன்று? காகிதம் கிழிந்தால் பயப்பட வேண்டும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? அவர் துடைப்பத்தை எடுத்துவந்து சிமென்ட் துண்டுகளை ஒதுக்க ஆரம்பித்தார். நான் துடைப்பத்தைப் பிடுங்கி வைத்தேன். கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார்.

"மேல காயவெச்ச துணிய எடுக்கப் போயிருந்தேன்மா," என்றார். "அவன் புரோக்கராண்ட பேசிக்கினு இருந்தான். எத்தினி பேருன்னு கேட்டாங்க போல. மூணு பேருன்னான். நானும் பொண்டாட்டியும் பாப்பாவும், மூணே பேருதான்னான்."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியதும் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பெங்களூரில் வாடகைக்கு வீடு தேடுகிற எவரும் அதைத்தான் செய்வார்கள். ஓனர்கள் தலையை எண்ணித்தான் வீடு கொடுப்பார்கள். ஒரு தலை கூடினால் ஒரு ஆளின் குளியல், துணி, டேங்கர் தண்ணீர். ஆகவே ஐந்து பேர் இருந்தால் நாலு என்போம், நாலு இருந்தால் மூன்று என்போம். குடிவந்த பிறகு ஊரிலிருந்து அப்பா வந்திருக்கிறார், அம்மா வந்திருக்கிறார் என்று சமாளித்துக்கொள்வோம். கொஞ்ச நாளில் அவர்களும் கண்டுகொள்ள மாட்டார்கள். என் கணவர் அந்தப் பொய்யைத்தான் சொல்லியிருக்கிறார். வாழ்நாளெல்லாம் கம்பெனி வீட்டில் இருந்த மனிதருக்கு அது எப்படித் தெரியும்? மூணே பேர் என்றால் மூணே பேர்தான் என்று எடுத்துக்கொண்டார்.

"ரிப்பேருன்னா வூட்டக் காலி பண்ணணும். காலி பண்ணிப் போனா மூணு பேருதான்," என்றார். "அங்க லைன் வூட்ல இனிமே தனியா இருக்க முடியாதும்மா. அதான் இப்படியே ஓட்டிக்கலாம்னு."

மகனிடம் கேட்டிருக்கலாமே என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இல்லைப்பா, அது சும்மா என்று அவர் சொல்லியிருப்பார். அப்படிச் சொல்லாமல் போய்விட்டால் என்ன செய்வது என்றுதான் இவர் கேட்காமல் இருந்திருப்பார். வேறொன்றைத்தான் கேட்டேன். பாப்பாவை ஏன் ஹாலில் படுக்கவைத்தீர்கள்? அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து, முகத்தில் படிந்திருந்த தூசியைத் துடைத்துக்கொண்டார். வேர்க்குரு என்று மறுபடி சொல்ல அவருக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது. விழும் என்று தெரிந்துதான் அந்தக் கட்டிலில் படுத்திருக்கிறார். எத்தனை மதியம், நான் அடுத்த அறையில் யார் வீட்டுக் கூரையையோ பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது.  பயம் எனக்கு மட்டும்தான் இருக்கிறது என்று அவ்வளவு நாள் நினைத்திருந்தேன்.

கணவர் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். அவர் அப்பாவின் அறை வாசலில் நின்று, அது புரோக்கருக்காகச் சொன்னதுப்பா, எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சரிப்பா, சரிப்பா என்றார் மாமனார். நம்பினாரா என்று சொல்ல முடியவில்லை. மறுநாளே ஓனர் மேஸ்திரியோடு வந்தார். டேங்கை இறக்க வேண்டும், அந்த அறைக் கூரையைப் பெயர்த்துக் கம்பி மாற்ற வேண்டும், மழைக்கு நடுவில் வேலை இழுக்கும், அதுவரை யாரும் இங்கே இருக்க முடியாது என்றார் மேஸ்திரி. முழுச் செலவும் தன்னுடையது என்றார் ஓனர். வேலை முடிந்ததும் நீங்களே வாங்க, பழைய வாடகையே கொடுங்க என்றும் சொன்னார். சொன்னார்தான். அதை நம்பித் தற்காலிகமாக ஒரு வீடு பிடிப்பதா, நம்பாமல் நிரந்தரமாகவே வேறு வீடு பார்ப்பதா என்று எங்களுக்குள் முடிவு வரவில்லை. அந்த மாத முடிவுக்குள் காலி செய்ய வேண்டும் என்பது மட்டும் முடிவானது.

மாமனார் ஹாலுக்கு வந்துவிட்டார். அதற்கு அடுத்த நாளே அவருடைய துணிகளை மடித்து ஒரு பையில் வைத்துவிட்டார். எதற்கு மாமா இப்பவே என்றால், எப்படியும் மூட்டை கட்டத்தானே வேணும் என்றார். வீட்டிலேயே அவர் சாமான் மட்டும்தான் தயாராக இருந்தது. காலையில் பையைத் திறந்து ஒரு சட்டையை எடுப்பார், மாலையில் துவைத்துக் காய்ந்ததை மறுபடி மடித்து உள்ளே வைப்பார். ஜிப்பை இழுத்து மூடுவார். அந்த ஜிப் சத்தம் கேட்டால் எனக்கு வேலை ஓடாது.

வீடு கிடைக்கவில்லை. கிடைத்த வீட்டில் வெளிச்சம் இல்லை, வெளிச்சம் இருந்த வீடு எங்கள் கைக்கு எட்டவில்லை. கடைசியில் லிங்கராஜபுரத்தில் ஒரு வீடு சரியாக அமையும்போல் இருந்தது. படத்தில் கூரையைத்தான் முதலில் பார்த்தேன், கறை இல்லை. மறுநாள் மதியம் புரோக்கர் கூப்பிட்டார். மகள் வரைந்துகொண்டிருந்தாள். மாமனார் பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்குப் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். நான் அடுப்பிலிருந்து ஈரக் கையோடு வந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். ஓனருக்குச் சம்மதம், முன்பணத்தோடு வரலாம், ஒரு விஷயம் மட்டும் உறுதி செய்துகொள்ள வேண்டும் என்றார் புரோக்கர். எத்தனை பேர் மேடம்?

மாமனாரின் கை நிற்கவில்லை. பென்சிலைச் சீவிக்கொண்டேதான் இருந்தார்.

"நாலு பேர்," என்றேன். "நான், வீட்டுக்காரர், பாப்பா, எங்க மாமனார்."

புரோக்கர் கொஞ்சம் தயங்கினார். அந்த ஓனர் மூன்று பேருக்கு மேல் ஒப்புக்கொள்ள மாட்டார், அங்கே தண்ணீர்க் கஷ்டம் என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, தெரிந்தவர்களுக்குச் சொல்வதுபோல் யோசனை சொன்னார். மூணுன்னே சொல்லிடுங்க மேடம், அப்புறம் பெரியவரைக் கூட்டிட்டு வந்துக்கங்க, யாரு வந்து எண்ணப் போறா, எல்லாரும் அப்படித்தானே செய்யறாங்க? அவர் சொன்னது முழுக்க நியாயம். அந்த மாதத்தில் எனக்கு அதைவிட நல்ல வீடு கிடைக்கப்போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். வாய் வரைக்கும் வந்தது. வெளியே வரவில்லை.

"இல்லங்க, நாலு பேர்தான். நாலுன்னே சொல்லுங்க," என்றேன்.

அப்ப இந்த வீடு ஆகாது மேடம் என்று அவர் வைத்துவிட்டார். நான் போனைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். மகள் பென்சிலுக்காகக் கையை நீட்டினாள். மாமனார் கூர் பார்த்து, மரத்தூளை ஊதி, அவளிடம் கொடுத்தார்.

"மூணுன்னே சொல்லியிருக்கலாமேம்மா," என்றார், என்னைப் பார்க்காமல். "இப்பதான் எனக்குத் தெரியுமே."

 தெரிந்திருந்தாலும் இனிமேல் என்னால் சொல்ல முடியாது மாமா என்று சொல்ல நினைத்தேன்.  மாதம் முடியப்போகிற நேரம். மேலே டேங்கை இறக்குவதற்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். அடுத்த புரோக்கரின் எண்ணைத் தேட ஆரம்பித்தேன்.